வரிசையில் நின்ற மூவர்

அமெரிக்காவில் தேர்தல் ஆண்டு நெருங்கும்போதெல்லாம் கனடாவிலும் லண்டனிலும் வாழும் நண்பர்கள் தொலைபேசியில் கேட்கும் முதற் கேள்வி, "இம்முறை யார் வருவார்?" என்பதுதான். 2007 முடியும்போது ஜனநாயகக் கட்சியின் வேட்பாளர் ஹிலாரி கிளிண்டன்தான் என்று பலரும் முடிவு கட்டியிருந்தார்கள். 2008 ஜனவரி 3ஆம் திகதி அயோவாவில் அவர் மூன்றாம் இடத்துக்குப் போனார். அவர் தோற்றது வாக்கில். எங்கள் நாட்டில் முன்னணியில் நின்றவர்கள் எதில் தோற்றார்கள் என்பதைக் கொழும்புத் தமிழன் ஒருவனின் கண்ணால் எழுதிவைக்க வேண்டும் என்பது என் நெடுநாள் எண்ணம்.

1988இல் ஜே.ஆர். ஜயவர்தனவின் இரண்டாவது பதவிக்காலம் முடிவை நெருங்கியது. ஐக்கிய தேசியக் கட்சியில் அடுத்த வேட்பாளர் யார் என்ற வினாவுக்கு மூன்று பெயர்கள் விடையாகச் சொல்லப்பட்டன. 1978 முதல் பிரதமராக இருந்த ரணசிங்க பிரேமதாச; தேசிய பாதுகாப்பு அமைச்சர் லலித் அத்துலத்முதலி; மகாவலித் திட்டத்தால் பெயர் பெற்ற காமினி திசாநாயக்க. அமெரிக்காவைப் போல மாநிலம் மாநிலமாக வாக்குக் கேட்கும் வழக்கம் இங்கே கிடையாது. கட்சியின் உள்ளறையில் தீர்மானம் நடக்கும். மக்கள் பத்திரிகையில் வாசித்து அறிந்துகொள்வார்கள். மத்திய கொழும்பின் மனிதரான பிரேமதாசவே தெரிவானார்.

டிசம்பர் 19இல் நடந்த தேர்தலில் பிரேமதாச 50.43 வீதம் பெற்றார். சிறிமாவோ பண்டாரநாயக்கவுக்கு 44.95 வீதம். மூன்றாமவரான ஒஸி அபேகுணசேகரவுக்கு ஐந்து வீதம்கூடக் கிடைக்கவில்லை. அவ்வாண்டு பெப்ரவரியில் சுட்டுக் கொல்லப்பட்ட விஜய குமாரதுங்கவின் கட்சிக்காரர் ஒஸி என்பதை வாசகர்கள் நினைவிற் கொள்ள வேண்டும்.

வென்ற பிரேமதாச தம்மோடு போட்டியிட்ட இருவரில் எவரையும் பிரதமராக்கவில்லை. யாரும் எதிர்பாராத டி.பி. விஜேதுங்கவை அந்த நாற்காலியில் அமர்த்தினார். 1991இல் லலித்தும் காமினியும் ஜனாதிபதிக்கு எதிரான குற்றப் பிரேரணையில் கைகோத்தார்கள். கட்சியிலிருந்து நீக்கப்பட்டு ஜனநாயக ஐக்கிய தேசிய முன்னணியை அமைத்தார்கள். 1993 பிறந்தபோது, அடுத்த ஆண்டு வரவேண்டிய ஜனாதிபதித் தேர்தல் பிரேமதாசவுக்கும் லலித்துக்குமான பலப்பரீட்சையாகவே எங்கள் ஆசிரிய பீடத்தில் பேசப்பட்டது. சந்திரிகா குமாரதுங்கவின் பெயரை அப்போது நானும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. என் கணிப்புத் திறன் அவ்வளவுதான்!

1993 ஏப்ரல் 23ஆம் திகதி கிருலப்பனையில், மாகாண சபைத் தேர்தலுக்கான கூட்ட மேடையில் லலித் சுட்டுக் கொல்லப்பட்டார். கிருலப்பனை வெள்ளவத்தைக்கு அயற்பகுதி. எட்டு நாள் கழித்து, மே தின ஊர்வலத்தில், ஆமர் வீதிச் சந்தியில் தற்கொலைக் குண்டுதாரி ஒருவரால் பிரேமதாச கொல்லப்பட்டார். கொட்டாஞ்சேனையிலிருந்து அங்கே நடந்தே போய்விடலாம். கொழும்பில் தமிழர் செறிந்து வாழும் இரண்டு பகுதிகளின் வாசலில் இரண்டு கொலைகள். பிரேமதாசவின் கொலை விடுதலைப் புலிகளின் செயல் என்பது அன்றிலிருந்தே பேசப்பட்டது. லலித்தின் கொலையில் ஆட்சியாளர் மீதே சந்தேகம் எழுந்து, பின்னாளில் ஆணைக்குழுவும் அமைந்தது. எது யாருடைய கையால் நடந்தாலும், அடுத்த நாள் வீதியில் அடையாள அட்டையை நீட்டியவர்கள் நாங்கள்தாம். லொட்ஜுகளில் தங்கியிருந்த வடக்குக் கிழக்கு இளைஞர்கள் என்ன காரியமாகக் கொழும்புக்கு வந்தோம் என்று பொலிஸாருக்கு மீண்டும் மீண்டும் விளக்க வேண்டியிருந்தது. யார் முன்னணியில் என்ற கேள்வி எங்களுக்கு வெறும் அரசியல் அரட்டை அன்று.

பிரேமதாசவுக்குப் பின் ஜனாதிபதியானவர் வரிசையிலேயே நில்லாத விஜேதுங்க. மேல் மாகாண முதலமைச்சரானவர் சந்திரிகா. காமினி தாய்க் கட்சிக்குத் திரும்பினார். 1994 ஓகஸ்ட் பொதுத் தேர்தலில் பொதுஜன ஐக்கிய முன்னணி 105 ஆசனங்களும் ஐக்கிய தேசியக் கட்சி 94 ஆசனங்களும் பெற, சந்திரிகா பிரதமரானார். தோற்ற கட்சியில் எதிர்க்கட்சித் தலைவர் யார் என்பதற்கு உறுப்பினர்களிடையே வாக்கெடுப்பு நடந்தது. காமினி மூன்றே வாக்குகளால் ரணில் விக்கிரமசிங்கவை வென்றார். அந்த மூன்று வாக்குகள்தாம் அவரை ஜனாதிபதி வேட்பாளராக்கின. அமெரிக்கர்களுக்கு அயோவா எப்படியோ, அப்படித்தான் எங்களுக்கு அந்த அறை.

காமினி வென்றிருப்பாரா? நான் நம்பவில்லை. பொதுத் தேர்தலில் இரு தரப்புக்கும் இடையிலான வித்தியாசம் சிறிதுதான். ஆனால், சமாதானம் வரும் என்ற நம்பிக்கை சிறுபான்மை வாக்குகளைச் சந்திரிகாவின் பக்கம் இழுத்துக்கொண்டிருந்தது. 1981இல் யாழ்ப்பாணம் எரிந்த நாட்களில் அங்கே இருந்த அமைச்சர் என்ற நினைவு காமினியைத் தமிழர் மத்தியில் விட்டு நீங்கவேயில்லை. 1987 இந்திய - இலங்கை உடன்படிக்கையை அவர் உறுதியாக ஆதரித்ததும் அதை அழிக்கவில்லை.

ஒக்டோபர் நடுப்பகுதியில் அரசாங்கத் தூதுக்குழு யாழ்ப்பாணம் சென்று புலிகளுடன் முதற் சுற்றுப் பேச்சு நடத்தித் திரும்பியது. இரண்டாம் சுற்று 24ஆம் திகதி தொடங்க இருந்தது. 23ஆம் திகதி இரவு நான் பணியில் இருந்தேன். பேச்சுவார்த்தைச் செய்தியை முதற் பக்கத்துக்கு அனுப்பிவிட்டுத் தேநீர் குடித்துக்கொண்டிருந்தபோது தொலைபேசி மணி அடித்தது. நள்ளிரவு கடந்திருந்தது. தொட்டலங்கவில், கொட்டாஞ்சேனைக்கு அப்பால் களனி ஆற்றை ஒட்டிய அந்தப் பகுதியில், காமினியின் கூட்டத்தில் குண்டு. 50 பேருக்கு மேல் மாண்டார்கள். காமினியோடு வீரசிங்க மல்லிமாரச்சி, ஜீ.எம். பிரேமச்சந்திர ஆகியோரும், 1988இல் மூன்றாவது வேட்பாளராக நின்ற அதே ஒஸி அபேகுணசேகரவும். முதற் பக்கத்தைக் கலைத்து மீண்டும் கட்டினோம். பேச்சுவார்த்தைச் செய்தி பக்கத்திலிருந்தே போய்விட்டது, பேச்சுவார்த்தையும் நின்றுபோயிற்று.

1988இல் வரிசையில் நின்ற மூவரும் பதினெட்டு மாதங்களுக்குள் போய்விட்டார்கள். காமினியின் இடத்தில் அவருடைய மனைவி சிறிமா நிறுத்தப்பட்டார். நவம்பர் 9இல் சந்திரிகா 62.28 வீதம் பெற்று வென்றார். வெள்ளவத்தையில் அன்று நான் கண்ட மகிழ்ச்சியைப் பின்னர் எந்தத் தேர்தலிலும் கண்டதில்லை. ஜனவரியில் போர்நிறுத்தம் வந்தது. 1995 ஏப்ரல் 19ஆம் திகதி அதுவும் முறிந்தது.

மூன்று வாக்குகளால் தோற்ற ரணில் உயிரோடிருந்தார். 1999இல் தோற்றார். 2005இல் முன்னணியில் நிற்பவர் என்று நாங்களே எழுதினோம். வடக்கில் தமிழர் வாக்களிக்காத அந்தத் தேர்தலில் 1,80,786 வாக்குகளால் மஹிந்த ராஜபக்ஷவிடம் தோற்றார். இறுதியில் 2022 ஜூலை 20ஆம் திகதி பாராளுமன்ற உறுப்பினர்கள் 134 பேரின் வாக்கில் ஜனாதிபதியானார். 2024இல் மக்களிடம் வாக்குக் கேட்டபோது கிடைத்தது மூன்றாம் இடம்.