கென் ரசல்

கென் ரசல் (1927–2011) ஆங்கிலேயத் தொலைக்காட்சி, திரைப்பட இயக்குநர். 1960களில் பிபிசிக்காக இசையமைப்பாளர்களின் வாழ்க்கையைப் படமாக்கிப் பெயர் பெற்றார். சவுதாம்ப்டனில் பிறந்தவர். நடனம் பயின்று, பிறகு புகைப்படக்காரராக வேலை பார்த்தார். ‘அமேலியா அண்ட் தி ஏஞ்சல்’ என்ற குறும்படம் கைகொடுக்க, 1959இல் பிபிசியின் ‘மானிட்டர்’ கலை நிகழ்ச்சியில் சேர்ந்தார்.

மானிட்டரின் ஆசிரியர் ஹியூ வெல்டன் ஒன்றில் பிடிவாதமாக இருந்தார்: உண்மையில் வாழ்ந்த ஒருவரின் வேடத்தில் நடிகரைப் பேசவிடுவது ஆவணப்படத்துக்கு ஆகாது. அதனால் இசையமைப்பாளர் புரோகோஃபியேவ் பற்றிய 1961ஆம் ஆண்டுப் படத்தில் நடிகரின் கைகளும், குளத்து நீரில் கலங்கித் தெரியும் உருவமும்தான் மிஞ்சின. மறு ஆண்டு, நிகழ்ச்சியின் 100ஆவது பதிப்புக்காக எடுத்த ‘எல்கர்’ படத்தில் நடிகர்கள் முழுதாகத் தோன்றினார்கள்; வாய் மட்டும் திறக்கவில்லை. விவரணை வெல்டனுடையது. சிறுவன் எல்கர் மட்டக்குதிரையில் மால்வர்ன் குன்றுகளின் மேல் விரைய, வயலின்கள் கூடவே ஓடுகின்றன. பின்னால், அவருடைய புகழ்பெற்ற தேசபக்தி மெட்டு ஒலிக்கும்போது திரையில் வருபவை முதல் உலகப் போரின் செய்திப்படக் காட்சிகள். பேச்சுக்குத் தடை இருந்ததால்தான் இசையையும் படத்தையும் மோதவிடும் இந்த வித்தை ரசலுக்குக் கைவந்தது என்று தோன்றுகிறது.

‘டெபுஸி’ (1965) அந்த விதியைக் குறுக்குவழியில் கடந்தது. டெபுஸியைப் பற்றிப் படமெடுக்கும் ஒரு குழுவின் கதை அது. ஆலிவர் ரீட் நடித்தது டெபுஸியாக நடிக்கும் நடிகராக. மெல்வின் பிராக் ரசலுடன் சேர்ந்து எழுதினார். நடனக் கலைஞர் இசடோரா டங்கன் (1966), ஓவியர் ரோசெட்டி (1967) பற்றிய படங்கள் தொடர்ந்தன.

‘சாங் ஆஃப் சம்மர்’ (1968) இவற்றில் தலைசிறந்தது. பார்வையிழந்து, கைகால் முடங்கிப் பிரான்ஸில் கிடந்த இசையமைப்பாளர் டீலியஸ் மனத்திலிருக்கும் மெட்டைக் கரகரவென்று இழுத்துச் சொல்ல, இளைஞர் எரிக் ஃபென்பி விழிபிதுங்கி இசைக்குறிகளாக்கப் பார்க்கிறார். ஃபென்பியின் நினைவுநூலைத் தழுவிய படம் இது. திரைக்கதையிலும் அவருக்குப் பங்குண்டு. ரசலின் வழக்கமான ஆர்ப்பாட்டம் இங்கே அடங்கியிருக்கிறது.

அந்த அடக்கம் நீடிக்கவில்லை. ரிச்சர்ட் ஸ்ட்ராஸை நாஜிகளோடு இணைத்துக் கேலிச்சித்திரமாக்கிய ‘டான்ஸ் ஆஃப் தி செவன் வெய்ல்ஸ்’ 1970இல் ஒளிபரப்பானதும் எதிர்ப்பு வெடித்தது. ஸ்ட்ராஸ் குடும்பம் இசைக்கான அனுமதியைத் திரும்பப் பெற்றது. காப்புரிமைக் காலம் தீர்ந்து 2020இல்தான் படம் மறுபடி பொதுத்திரைக்கு வந்தது.

ரசல் அதற்குள் சினிமாவுக்குப் போய்விட்டிருந்தார். ‘விமன் இன் லவ்’ (1969) அவருக்குச் சிறந்த இயக்குநருக்கான ஆஸ்கர் பரிந்துரையைத் தந்தது. தொலைக்காட்சிக்கும் அவ்வப்போது திரும்பினார்: 1978இல் கவிஞர்கள் வேர்ட்ஸ்வொர்த், கோல்ரிட்ஜ் பற்றிய இரு படங்கள், 1993இல் பிபிசிக்காக ‘லேடி சாட்டர்லி’ தொடர்.