என்பும் தோலும்: கணினி அசைவூட்ட வரலாற்றில் ஓர் ஏடு

கணினித் திரையில் ஓர் உருவம் கையை மடக்குங்கால் அதன் தோல் எவ்வாறு மடிதல் வேண்டும்? எளிதாய்த் தோன்றும் இவ்வினா அறிஞரைப் பல்லாண்டு அலைக்கழித்தது. ஒருபுறம் ஒதுங்கிக் கிடந்த பழங்கணிதமொன்று ஈண்டு கைகொடுத்தமை கணித மாணவர் நோக்கற்பாலது.

உருவத்தின் அகத்தே கற்பனை என்புகள் கோக்கப்படும். தோலின் ஒவ்வொரு புள்ளிக்கும் இன்ன என்புக்கு இத்துணைப் பங்கு என நிறை குறிக்கப்படும். நிறைகளின் கூட்டுத்தொகை 1. அவ்வென்புகள் தனித்தனியே புள்ளியைக் கொண்டுசெல்லும் இடங்களின் சராசரியே அதன் புதிய இடமாகும். நதியா மக்னனா-தால்மன் முதலியோர் கையசைவு பற்றி 1988இல் வெளியிட்ட ஆய்வு இத்துறையின் முன்னோடிகளுள் ஒன்று.

முறை விரைவானது; குறையோ கண்ணை உறுத்துவது. கையை மணிக்கட்டில் 180 பாகை முறுக்குக. இரு என்புகளுக்கும் சமபங்குள்ள புள்ளியை ஒன்று வலப்புறம் நிறுத்தும். மற்றையது நேரெதிரே இடப்புறம் நிறுத்தும். சராசரி நடு அச்சில் வீழ, மணிக்கட்டு டொபித் தாளின் முறுக்குப்போல ஒடுங்கிவிடும். இரு சுழற்சித் தாயங்களின் சராசரி மீண்டும் ஒரு சுழற்சியாதல் வேண்டுமென்னும் நியதி இல்லை. கேடு அங்கேதான் உள்ளது.

லூயிஸ், கோட்னர், போங் என்போர் 2000இல் ஒரு வழி கூறினர். பிழைபட்ட நிலைகளிலே கலைஞர் தோலைத் திருத்தி வனைந்து வைப்பர். இடைப்பட்ட நிலைகளைக் கணினி நிரப்பும். நல்ல வழியே, ஆயின் உழைப்பு மிகுதி.

மற்றைய வழி டப்ளின் நகரிலே தொடங்குகின்றது. 1843 ஒக்டோபர் 16ஆம் நாள், வாய்க்காற்கரையில் மனைவியோடு நடந்த வில்லியம் ஹமில்ரன் நான்கு உறுப்புக்களாலாய குவாட்டேர்னியன் என்னும் எண்ணைக் கண்டு, அதன் விதியைப் பாலத்துக் கல்லிலே பொறித்தார். 1873இல் கிளிபோட் சுழற்சியையும் பெயர்ச்சியையும் ஒருங்கே அடக்குமாறு அதனை விரித்தார். காவிக் கணிதம் பரவியபின் இவற்றை நாடியோர் சிலரே. 1985இல் கென் ஷூமேக் குவாட்டேர்னியனை அசைவூட்டத்துக்குக் கொணர்ந்தார். 2007இல் கவான், கொலின்ஸ், ஜாரா, ஓசலிவன் ஆகிய நால்வர் கிளிபோட்டின் இரட்டை வடிவத்தாலே தோலை இயக்கினர், மணிக்கட்டு ஒடுங்கவில்லை. அந்நால்வருட் சிலர் ஹமில்ரன் பயின்ற திரித்துவக் கல்லூரியைச் சார்ந்தவர் என்பது இனிய பொருத்தம்.

எனினும் இம்முறையில் மடித்த முழங்கை சற்றே புடைக்கும். ஆதலின் மாயா மென்பொருள் இரு முறைகளையும் புள்ளிதோறும் கலந்துகொள்ள இடமளிக்கின்றது. பிளெண்டரில் இப்புதுமுறை வேண்டுவோர் தெரிந்தெடுக்கும் ஒரு தெரிவாகவே உள்ளது. விரைவு கருதிப் பழைய சராசரி முறையும் இன்றுவரை வழக்கொழியவில்லை.