அடுப்படி யாருக்குரியது? தம்பிலுவில் கரையோரத்துச் சமையலறையின் வரலாறு

வீட்டின் வரலாற்றை எழுதியோர் தூணைப் பற்றியும் திண்ணையைப் பற்றியும் நாற்சார முற்றத்தைப் பற்றியும் பக்கம் பக்கமாக எழுதியுள்ளனர். அடுப்படி பற்றி எழுதியோர் மிகச் சிலரே. ஒரு பெண் தன் வாழ்நாளில் அதிக நேரம் செலவிடும் இடம் அதுதான் என்பதை நினைக்கும்போது, இந்த மௌனம் தற்செயலானதன்று என்றே தோன்றுகிறது.

தமிழில் இந்த இடத்துக்குப் பெயர்களுக்குப் பஞ்சமில்லை. அட்டில் என்றது பழந்தமிழ். கோயிலில் அது மடைப்பள்ளி. தமிழகத்தில் அடுக்களை. ஈழத்தவர் நாவில் இன்றும் வழங்கும் குசினி என்ற சொல் போர்த்துக்கேயர் விட்டுச் சென்றது. மட்டக்களப்பில் 1628இல் கோட்டை கட்டிய அவர்களின் ஆட்சி நெடுங்காலம் நீடிக்கவில்லை. சொல் மட்டும் அடுப்புக்கு அருகிலேயே தங்கிவிட்டது.

அம்பாறை மாவட்டத்தின் கரையோரத்தில், அக்கரைப்பற்றுக்கும் திருக்கோவிலுக்கும் இடையில் உள்ளது தம்பிலுவில். கண்ணகி அம்மன் ஆலயத்தால் பெயர்பெற்ற தமிழ்க் கிராமம். கிழக்கே வங்கக் கடல், மேற்கே வயல்வெளி. இக்கரையோரத்துப் பழைய வளவுகளில் குசினி வீட்டுடன் ஒட்டியிருக்கவில்லை. கிடுகு வேய்ந்த சிறு கொட்டிலாக, கிணற்றுக்கும் வீட்டின் பின்வாசலுக்கும் இடையில் தனித்து நின்றது.

இந்த அமைப்பை அறியாமை என்று சொல்ல முடியாது. கூரை கிடுகு, எரிபொருள் விறகு; ஆகவே அடுப்பை வீட்டிலிருந்து பிரிப்பதே முதல் பாதுகாப்பு. தென்கிழக்கு மூலையை அக்கினி மூலை என்று சாத்திரம் சொல்லும். கிழக்குக் கரையில் அதற்கொரு நடைமுறைக் காரணமும் உண்டு. வெப்பம் மிகுந்த வறட்சி மாதங்களில் இங்கு வீசுவது மேற்கிலும் தென்மேற்கிலுமிருந்து வரும் கச்சான் காற்று. குசினி தென்கிழக்கில் இருந்தால் பொறியும் புகையும் வீட்டுக் கூரையைத் தொடாமல் கடற்பக்கம் போய்விடும்.

உள்ளே பொருட்கள் இருந்த முறையிலும் கணக்கு இருந்தது. அடுப்புக்கு மேலே பரண். அங்கே விதைகளும் கருவாடும் புளியும் புகைபட்டுக் கெடாமல் இருந்தன. அதே புகை கிடுகைப் பூச்சி அரிக்காமல் காத்தது. உறியில் தயிர்ச்சட்டி, கைக்கெட்டும் தூரத்தில் உப்புப் பானை, ஒரு பக்கம் அம்மி, திருவலை, வெளியே உரல். பொச்சும் சிரட்டையும் பாளையும் வளவுத் தென்னையே தந்த எரிபொருள். சமையலறையில் நீர்த்தொட்டி, அடுப்பு, சேமிப்பிடம் ஆகிய மூன்றும் ஒரு முக்கோணமாக அமைய வேண்டுமென்று அமெரிக்காவின் இலினோய் பல்கலைக்கழகத்தார் 1940களில் ஆராய்ந்து சொன்னார்கள். கிணறு, அடுப்பு, பரண் என்ற முக்கோணத்தை இங்குள்ள பெண்கள் அளவுநாடா இல்லாமலே அமைத்திருந்தனர்.

இன்னொரு முக்கியமான செய்தி, அந்தக் குசினி எவருக்குச் சொந்தம் என்பது. கிழக்குக் கரையில் தமிழரிடையேயும் முஸ்லிம்களிடையேயும் குடி என்னும் தாய்வழி முறை நிலவுகிறது. அக்கரைப்பற்றை மையமாகக் கொண்டு பல்லாண்டுகள் ஆய்வு செய்த மானிடவியலாளர் டெனிஸ் மக்கில்வ்ரே இதை விரிவாகப் பதிவு செய்துள்ளார். மகளுக்குத் திருமணமானால் வீடு அவளுக்குச் சீதனமாகப் போகும். மருமகன் அந்த வீட்டுக்கு வருவான். பெற்றோர் பக்கத்திலேயே வேறொரு வீட்டுக்கு மாறுவர். எனவே கல்முனையிலும் சரி, தம்பிலுவிலிலும் சரி, அடுப்பில் நிற்பவளே அந்த அடுப்பு இருக்கும் நிலத்தின் உரிமைக்காரி. உலகின் பல பகுதிகளில் பெண்கள் சட்டப் போராட்டம் நடத்திப் பெற்ற உரிமை, இங்கு வழமையாக இருந்தது.

அழிவுகள் இந்த வாழ்வைப் பல முறை குலைத்தன. 1978 நவம்பர் 23ஆம் திகதி கிழக்கைத் தாக்கிய சூறாவளி, கூரைகளையும் அக்கூரைகளுக்குக் கிடுகு தந்த தென்னைகளையும் ஒருசேரச் சாய்த்தது. போர்க்கால இடப்பெயர்வுகளில் மூன்று கற்களே குசினியாயின. ஆனால் சமையலறையின் வடிவத்தையே மாற்றியது 2004 டிசம்பர் 26ஆம் திகதியின் கடற்கோள்தான். இலங்கையில் அதிக உயிர்களை இழந்தது அம்பாறை மாவட்டம். பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர்.

பின்னர் வந்தது மீள்கட்டுமானம். வடக்குக் கிழக்கில் கடலிலிருந்து 200 மீற்றர் வரை கட்டடம் கூடாதென முதலில் அறிவித்து, பின்னர் அதைத் தளர்த்தினார்கள். முற்றாக அழிந்த வீட்டைத் தாமே கட்டுவோருக்கு 2,50,000 ரூபா தவணைகளாக வழங்கப்பட்டது. வீட்டின் குறைந்த பரப்பு 500 சதுர அடி என்று நிர்ணயமாயிற்று. ஏனையவற்றை உதவி நிறுவனங்கள் கட்டின. அவ்வீடுகள் பலவற்றில் சமையலறை வீட்டுக்குள்ளேயே, எரிவாயு அடுப்பை மனதில் வைத்த ஒடுங்கிய அறையாக அமைந்தது. விறகு எரிக்கும் குடும்பத்துக்கு அது உதவவில்லை. புகை படுக்கையறைக்குப் போனது, வெண்சுவர் கறுத்தது. மக்கள் அவ்வறையில் நெல் மூட்டையையும் மிதிவண்டியையும் வைத்துவிட்டு, வீட்டின் பின்னால் தகரத்தாலும் கிடுகாலும் தமக்கான குசினியைத் தாமே கட்டிக்கொண்டனர்.

இக்கதை ஐரோப்பாவுக்கும் புதிதன்று. நவீன சமையலறையின் முன்னோடி எனப்படும் பிராங்பேர்ட் சமையலறையை 1926இல் வடிவமைத்தவர் ஒஸ்திரியக் கட்டடக் கலைஞர் மார்கரெட்டே ஷூட்டே-லிஹொட்ஸ்கி. நீளம் 3.4 மீற்றர், அகலம் 1.9 மீற்றர். ரயிலின் உணவுப் பெட்டியில் இருந்த சமையற்கூடம் அவருக்கு ஒரு முன்மாதிரி. பெண்ணின் வீண் நடையைக் குறைத்து அவளுக்கு ஓய்வு தேடித் தருவதே அவரது நோக்கம். ஏறத்தாழ 10,000 வீடுகளில் அது அமைந்தது. ஆயினும் இருவர் சேர்ந்து நிற்க அதில் இடமில்லை. பிள்ளை அருகில் இருக்க இடமில்லை. பொருத்திய எதையும் நகர்த்த முடியாது. குடியிருந்தோர் முறையிட்டனர். அதை வடிவமைக்கும் வரை தாம் சமைத்ததே இல்லை என்று அவரே பிற்காலத்தில் எழுதினார். நல்லெண்ணம் வேறு, சமைப்பவளின் அனுபவம் வேறு.

மீள்கட்டுமானத்தில் நேர்ந்த பெரிய இழப்பு அறையின் அளவு பற்றியதன்று, உறுதி பற்றியது. அரச படிவங்களில் குடும்பத் தலைவர் என்ற கட்டத்தில் பெரும்பாலும் ஆணின் பெயரே எழுதப்பட்டது. தாய்வழியாக வந்த வளவை இழந்த பெண்ணுக்குப் பதில், கணவனின் பெயரில் புதிய வீடு வந்தது. அரச காணி அனுமதிப்பத்திரங்களின் வாரிசுரிமையில் ஆணுக்கு முன்னுரிமை தந்த 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டம் 2022ஆம் ஆண்டில்தான் திருத்தப்பட்டது.

பழைய குசினியைப் புகழ்வதோடு நின்றுவிட்டால் அது நியாயமாகாது. பரணைக் காத்த புகை, சமைத்தவளின் நெஞ்சைக் காக்கவில்லை. வீட்டுக்குள் எரிபொருளால் மாசுறும் காற்றினால் 2020ஆம் ஆண்டில் உலகெங்கும் 32 இலட்சம் பேர் மாண்டதாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிடுகிறது. இதை முன்பே உணர்ந்தவர்கள் உண்டு. ஐதராபாத் பொறியியல் ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த எஸ். பி. ராஜு, புகைபோக்கி பொருத்திய மண்ணடுப்பை வடிவமைத்து, கோடிக்கணக்கான எளியோரின் புகையற்ற சமையலறை பற்றிய தமது நூலை 1953இல் சென்னையில் வெளியிட்டார். இலங்கையில் 1980களில் உருவான அனகி அடுப்பு, ஒரே தீயில் இரு பானைகளை ஏற்றி விறகை மிச்சப்படுத்தியது. குயவர்களே செய்து விற்கக்கூடியதாக இருந்ததால் அது நிலைத்தது. ஆனால் அதற்குப் புகைபோக்கி இல்லை.

எரிவாயு எல்லாவற்றையும் தீர்க்கும் என்றிருந்தோம். 2021 ஒக்டோபருக்கு முன் 1,493 ரூபாவாக இருந்த 12.5 கிலோ சிலிண்டர் 2022 ஏப்ரலில் 4,860 ரூபாவாயிற்று. அந்த விலைக்கும் கிடைக்கவில்லை. கொழும்பின் மாடிக் குடியிருப்புகளில் விறகு எரிக்க இடமின்றி மக்கள் தவித்தனர். பின்வளவில் குசினி வைத்திருந்தவர்களின் அடுப்பு அணையவில்லை. பயனற்றதென்று திட்ட வரைபடங்கள் ஒதுக்கிய கொட்டில் அப்போது கைகொடுத்தது.

அப்படியானால் இக்கரையோரத்தின் சிறந்த சமையலறை எப்படி இருக்க வேண்டும்? உள்ளே எரிவாயுவுக்கோ மின்சாரத்துக்கோ ஒரு மேடை. பின்புறம் கச்சான் காற்றைக் கணக்கில் எடுத்து, புகைபோக்கியுடன் ஒரு விறகடுப்பு. நிமிர்ந்து நின்று சமைக்கும் உயரம், ஆனால் அம்மிக்கும் திருவலைக்கும் தரையில் இடம். இருவர் கதைத்தபடி வேலை செய்யும் அகலம். பெருமழைக் காலத்தில் நனையாமல் வீட்டிலிருந்து போய்வர ஒரு தாழ்வாரம். இவற்றுக்குப் பெருஞ்செலவு வேண்டியதில்லை. வரைபடம் கீறுமுன் அந்த வீட்டுப் பெண்ணைக் கேட்பதும், கட்டி முடிந்த பின் உறுதியில் அவள் பெயரை எழுதுவதும்தான் வேண்டும். கிழக்கின் தாய்மாருக்கு இவ்விரண்டும் முன்பு இருந்தவை. புதிதாக எவரும் கொடுக்க வேண்டியதில்லை. எடுத்ததைத் திருப்பிக் கொடுத்தாலே போதும்.