'லவ் பண்றதாலதான் கேக்குறேன்': அக்கறையா, கட்டுப்பாடா? கண்டுபிடிப்பது எப்படி?

"எங்க இருக்க? லைவ் லொகேஷன் அனுப்பு." "அந்த டிரஸ் வேண்டாம்." "உன் ஃப்ரெண்ட்ஸ் யாரும் சரியில்ல." காதலின் தொடக்கத்தில் இதெல்லாம் அக்கறையாகத்தான் தெரியும். ஆனால் அவர் பெயர் போனில் வந்தாலே பயம் வருகிறது என்றால், அது அக்கறை இல்லை.

எப்படி நடக்கிறது?

பல நேரங்களில் அடி, உதை இருக்காது. முதலில் அளவுக்கு மீறிய பாசம், பரிசுகள். பிறகு தோழிகளிடம் இருந்தும் வீட்டாரிடம் இருந்தும் மெல்லப் பிரிப்பது. அடுத்து பாஸ்வேர்டு, ஏடிஎம் கார்டு அவர் கைக்குப் போகும். கேட்டால், "நான் அப்படிச் சொல்லவே இல்ல, நீயா கற்பனை பண்ற" என்பார்.

இப்படி ஒருவரின் நினைவையே சந்தேகப்பட வைப்பதுதான் 'கேஸ்லைட்டிங்'. பேட்ரிக் ஹாமில்டன் 1938ல் எழுதிய 'கேஸ் லைட்' நாடகத்தில் இருந்து வந்த சொல் இது. மனைவிக்கு மனநலம் சரியில்லை என்று அவளையே நம்ப வைக்கப் பார்க்கும் கணவனின் கதை அது.

'நோ' சொன்னால் தெரிந்துவிடும்

சின்ன விஷயத்தில் 'வேண்டாம்' என்று சொல்லிப் பார்த்தாலே நிலைமை புரியும். மதிக்கிறவர் வருத்தப்பட்டாலும் ஏற்றுக்கொள்வார். கட்டுப்படுத்துகிறவர் கோபப்படுவார், மிரட்டுவார், மறுநாள் அழுது மன்னிப்பு கேட்பார். சில நாளில் பழைய கதைதான்.

"நீ போனா செத்துடுவேன்" என்றால்? அந்தப் பாரத்தை அந்தப் பெண் தனியாகச் சுமக்க வேண்டியதில்லை. அவரது குடும்பத்தாருக்கு உடனே சொல்லலாம். டெலி மானஸ் மனநல உதவி எண்: 14416.

வெளியே வர என்ன செய்யலாம்?

* விலகும் நேரம்தான் ஆபத்து அதிகம். கடைசியாகப் பேச தனியாகப் போக வேண்டாம். நம்பிக்கையான ஒருவரிடம் முன்பே சொல்லி வைக்கவும்.
* சம்பளம் தன் பெயரில் மட்டும் உள்ள கணக்குக்கு வரட்டும். ஏடிஎம் பின் நம்பரை மாற்றவும்.
* வாட்ஸ்அப்பில் 'லிங்க்டு டிவைசஸ்' பகுதியைப் பார்க்கவும். தெரியாத கருவி இருந்தால் லாக் அவுட் செய்யவும்.
* ஆதார், சான்றிதழ்களைப் பாதுகாப்பான இடத்தில் வைக்கவும்.
* மிரட்டல் மெசேஜ்களை அழிக்க வேண்டாம். அவைதான் ஆதாரம்.

சட்டம் என்ன சொல்கிறது?

இங்கிலாந்தில் இத்தகைய கட்டுப்பாட்டை 2015ஆம் ஆண்டு சட்டம் தனிக் குற்றமாக்கியது. 5 ஆண்டு வரை சிறை. இந்தியாவில் அப்படித் தனிக் குற்றப் பிரிவு இல்லை. ஆனால் 2005ஆம் ஆண்டு குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம், மனரீதியான, பொருளாதார ரீதியான கொடுமைகளையும் வன்முறை என்கிறது. மனைவிக்கு மட்டுமல்ல, திருமணம் போன்ற உறவில் சேர்ந்து வாழ்ந்த பெண்ணுக்கும் இது பொருந்தும்.

சேர்ந்து வாழாத காதலர் என்றால்? விருப்பமில்லை என்று தெளிவாகச் சொன்ன பிறகும் ஒரு ஆண் பின்தொடர்ந்தாலோ, விடாமல் தொடர்புகொள்ள முயன்றாலோ, பாரதிய நியாய சன்ஹிதா 78வது பிரிவின்படி முதல் முறை 3 ஆண்டு வரை சிறை. அந்தரங்கப் படத்தை அனுமதியின்றிப் பரப்பினால் தகவல் தொழில்நுட்பச் சட்டமும் பாயும்.

பெண்கள் உதவி எண் 181, 24 மணி நேரமும் இயங்குகிறது. புகார் கொடுக்க முடிவு செய்யாவிட்டாலும், ஆலோசனை கேட்க அழைக்கலாம்.