வயது வந்தோர் பாதுகாப்பு வாரியம் (இங்கிலாந்து)

முதுமை, உடல் ஊனம், கற்றல் குறைபாடு, மனநோய் ஆகியவற்றால் பிறர் துணையை நம்பி வாழும் பெரியவர்களைக் கொடுமையிலிருந்தும் புறக்கணிப்பிலிருந்தும் காக்க, இங்கிலாந்தின் உள்ளாட்சிப் பகுதிகளில் சட்டப்படி இயங்கும் கூட்டமைப்பு. கவுன்சில், காவல் துறை, தேசிய சுகாதார சேவையின் உள்ளூர் வாரியம் ஆகிய மூன்றும் கட்டாய உறுப்பினர்கள். தீயணைப்புத் துறை, வீட்டுவசதி அமைப்புகள், தொண்டு நிறுவனங்களும் சேர்வதுண்டு. கூரைவரை குப்பை சேர்த்துவைத்த வீட்டுக்குள் முதலில் நுழைபவர் சில நேரம் தீயணைப்பு வீரர்தான்.

குழந்தைகளுக்கு இத்தகைய கூட்டுக் குழுக்கள் 1970-களிலேயே அமைந்தன. பெரியவர்களின் முறை வர நெடுங்காலம் ஆயிற்று. வீட்டிலேயே அடிபடும் மூதாட்டிகளைப் பற்றி 1975இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் ஒரு மருத்துவரின் கடிதம் வெளிவந்தது. துறைகள் கலந்து செயல்பட வேண்டும் என்று அரசு ‘நோ சீக்ரட்ஸ்’ என்னும் வழிகாட்டியை வெளியிட்டதோ 2000இல்தான். அதுவும் வழிகாட்டியே, தனிச் சட்டத்தின் வலு அதற்கு இல்லை.

அந்த வலுவின்மை கார்ன்வாலில் வெளிப்பட்டது. செயின்ட் ஆஸ்டல் ஊரில் கற்றல் குறைபாடுள்ள ஒருவர் ஓரறைக் குடியிருப்பில் தனியாக வாழ்ந்தார். நண்பர்கள்போல் ஒட்டிக்கொண்ட சிலர் அவர் வீட்டையே பிடித்துக்கொண்டு அவரை வதைத்தனர். சமூகநலத் துறையின் உதவி இனி வேண்டாம் என்று அவர் சொன்னதும் துறை கோப்பை மூடியது. காவலர்களுக்கும் மருத்துவமனைக்கும் அவரைத் தெரியும்; ஆனால் ஒருவருக்குத் தெரிந்தது மற்றவருக்குப் போய்ச் சேரவில்லை. 2006 ஜூலையில் ரயில் பாலத்திலிருந்து விழவைத்து அவரைக் கொன்றார்கள். மார்கரெட் ஃபிளின் எழுதிய மறுஆய்வு அறிக்கை அடுத்த ஆண்டு வந்தது.

பிரிஸ்டல் அருகே வின்டர்போர்ன் வியூ என்ற தனியார் மருத்துவமனையில் நோயாளிகளை ஊழியர்கள் அடிப்பதைப் பிபிசியின் ‘பனோரமா’ 2011 மே மாதம் ரகசியக் கேமராவில் காட்டியது. மூத்த செவிலியர் ஒருவர் கண்காணிப்பு அமைப்புக்கு முன்பே புகார் எழுதியும் பலனில்லை. கவுன்சிலுக்கும் காவல் துறைக்கும் தனித்தனியே புகார்கள் போயிருந்தன. அவற்றைச் சேர்த்துப் பார்க்கத்தான் ஆளில்லை. 11 ஊழியர்கள் தண்டிக்கப்பட்டனர். அவர்களில் அறுவர் சிறை சென்றனர்.

2014ஆம் ஆண்டின் பராமரிப்புச் சட்டம் 2015 ஏப்ரல் 1 முதல் நடப்புக்கு வந்து வாரியங்களைக் கட்டாயமாக்கியது. பராமரிப்புத் தேவையுள்ள ஒருவர் கொடுமைக்கு ஆளாகிறார் அல்லது ஆளாகக்கூடும், அந்தத் தேவை காரணமாகவே தன்னைக் காத்துக்கொள்ள இயலாமல் இருக்கிறார் என்று தோன்றினால் கவுன்சில் விசாரித்தாக வேண்டும் என்கிறது 42ஆம் பிரிவு. கொடுமையால் ஒருவர் இறந்து, துறைகள் ஒத்துழைத்ததில் குறை இருந்ததாகக் கருத இடமிருந்தால் 44ஆம் பிரிவின்படி வாரியம் மறுஆய்வு நடத்த வேண்டும். வாரியம் கேட்கும் தகவலைத் தரும் கடமையை 45ஆம் பிரிவு வகுத்தது. கார்ன்வாலையும் பிரிஸ்டலையும் நினைத்தால் இதுவே சட்டத்தின் உயிர்நாடி எனலாம்.

வீட்டுக்குள் நுழையும் தனி அதிகாரத்தை மட்டும் சட்டம் தரவில்லை. “அம்மா தூங்குகிறார்” என்று மகன் கதவைச் சாத்தினால், சமூகப் பணியாளர் காவல் துறையையோ நீதிமன்றத்தையோ நாட வேண்டும். அத்தகைய அதிகாரம் தனிமனித உரிமையில் அரசு தலையிடுவதாகும் என்ற தயக்கம் நியாயமானதே; ஆனால் அந்தக் கதவுக்குப் பின்னால் இருப்பவரின் உரிமையும் அதே தராசில் ஏற வேண்டியது. ஸ்காட்லாந்து 2007ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே வீட்டுக்குச் சென்று விசாரிக்கவும், கொடுமை செய்பவரை அங்கே வரவிடாமல் தடைசெய்ய ஆணை பெறவும் வழி செய்தது. வேல்ஸின் 2014ஆம் ஆண்டுச் சட்டமும், கொடுமைக்கு ஆளாவதாக ஐயுறப்படும் பெரியவரைத் தனியே சந்தித்துப் பேச நீதிமன்ற ஆணை பெற இடமளிக்கிறது.