ஊமைப்படத்திலிருந்து எழுந்த குரல்: டி. பி. இராஜலட்சுமியின் கலைவாழ்வு



நம் பத்து காஜாவுக்கு அருகில் நிற்கும் கெல்லி மாளிகையை உங்களில் பெரும்பாலோர் பார்த்திருப்பீர்கள். வில்லியம் கெல்லி ஸ்மித் என்னும் தோட்ட முதலாளி 1915-ஆம் ஆண்டில் அதனைக் கட்டத் தொடங்கினார். 1926-இல் அவர் லிஸ்பனில் இறந்தபின் பணி முற்றுப்பெறாமலே நின்றுவிட்டது. செங்கல் சுமந்து சுவர் எழுப்பிய தமிழ்த் தொழிலாளரில் பலர் கொள்ளைநோய்க்கு இரையாயினர். எஞ்சியோர் கேட்டுக்கொண்டபடி அருகில் ஒரு மாரியம்மன் கோயிலும் எழுந்தது. அங்கே உழைப்பு கண்முன் நிற்கிறது. உழைத்தவர் பெயர் இல்லை.

இன்று நாம் பேசப்போவது இதற்கு நேர்மாறான ஒரு வாழ்வைப் பற்றி. கெல்லி மாளிகை எழுந்துகொண்டிருந்த அதே ஆண்டுகளில், காவிரிக் கரையில் பிறந்த ஒரு சிறுமி நாடக மேடை ஏறினாள். பின்னர் ஊமைப்படத்தில் நடித்தாள்; பேசும்படத்தின் முதல் தமிழ்க் கதாநாயகியானாள்; படம் இயக்கினாள். அவர் பெயர் எல்லா வரலாற்று நூல்களிலும் இருக்கிறது. ஆனால் அந்தப் பெயருக்குக் காரணமான தொடக்ககாலப் படங்களை இன்று எவரும் பார்க்க இயலாது. அவர்தாம் டி. பி. இராஜலட்சுமி.

1. 'ஊமைப்படம்' என்னும் சொல்

மொழியியலார் என்ற முறையில் நாம் முதலில் சொல்லிலிருந்து தொடங்குவோம். ஊமைப்படம் ஓடிய காலத்தில் அதனை யாரும் 'ஊமைப்படம்' என்று அழைத்திருக்கத் தேவையில்லை. படம் என்றால் பேசாததுதான். 'பேசும்படம்' வந்த பிறகே பழைய படத்துக்கு 'ஊமை' என்னும் அடைமொழி தேவைப்பட்டது. கைப்பேசி வந்த பின்னர், வீட்டிலிருந்த தொலைபேசி 'தரைவழித் தொலைபேசி' ஆனது போன்றது இது. புதியது தோன்றும்போது பழையதற்கும் புதுப்பெயர் இடுவது மொழிகளின் இயல்பு. அப்பெயரில் புதியதன் பார்வை ஒட்டிக்கொள்கிறது. 'ஊமை' என்பது ஒரு குறையைக் குறிக்கும் சொல். தம் காலத்தில் நிறைவாக இருந்த ஒரு கலையை அது குறையுடையதாக்கிவிட்டது.

உண்மையில் அக்காலக் கொட்டகைகள் அமைதியாக இருந்ததில்லை. காட்சிகளுக்கிடையே எழுத்து அட்டைகள் தோன்றும். பல மொழி பேசுவோருக்காக ஒரே அட்டையில் இரண்டு மூன்று மொழிகளில் எழுதியிருப்பர். எழுத்தறியாதவருக்காகத் திரையருகே ஒருவர் நின்று உரத்த குரலில் படித்துக் கதையை விளக்குவார். ஆக, படத்தில் மொழி இருந்தது. விளக்குபவருக்கும் குரல் இருந்தது. நடித்தவருக்கு மட்டுமே குரல் இல்லை.

நம் நாட்டு மலாய்மொழியில் திரைப்படத்துக்கு முன்னர் 'வாயாங் காம்பார்' என்று பெயர் வழங்கியது. 'வாயாங் கூலிட்' என்னும் தோற்பாவை நிழற்கூத்தின் பெயரே புதுக்கலைக்கும் நீண்டது. திரையையும் நிழலையும் அறிந்திருந்த மக்கள் அச்சொல்லாலேயே புதிய நிழலையும் அழைத்தனர். அச்சொல்லில் ஊமை என்னும் குறை இல்லை.

2. மேடை தந்த குரல்

இராஜலட்சுமி 1911-ஆம் ஆண்டு நவம்பர் 11-ஆம் நாள் திருவையாற்றில் பிறந்தார். தந்தையார் பஞ்சாபகேச சாஸ்திரி, தாயார் மீனாட்சி. 'டி. பி.' என்பதில் ஊரும் தந்தையும் அடங்கியிருப்பதைக் காண்க. தமிழ்ப்பெயரின் முன்னெழுத்தை ஆங்கில ஒலியில் சொல்லித் தமிழ் எழுத்தில் எழுதும் அக்கால வழக்குக்கு இதுவும் ஒரு சான்று.

குழந்தைப் பருவத்திலேயே அவருக்குத் திருமணம் நடந்தது, அது நிலைக்கவில்லை. தந்தையார் மறைந்தபின் தாயார் மகளுடன் திருச்சிராப்பள்ளிக்கு இடம்பெயர்ந்தார். பிழைக்க வழி தேடிய அக்குடும்பத்துக்கு நாடக மேடை வாயில் திறந்தது. சங்கரதாசு சுவாமிகளின் பரிந்துரையால் சாமண்ணா ஐயரின் நாடகக் குழுவில் இராஜலட்சுமி சேர்ந்தார். சுவாமிகள் 1922-இல் மறைந்தார் என்பதை நோக்க, அப்போது சிறுமிக்குப் பத்து வயதளவே இருந்திருக்கும்.

அந்த வயதில், அந்தச் சமூகச் சூழலில், ஒரு பெண் மேடை ஏறுவது எளிதன்று. 'ஸ்திரீபார்ட்' என்னும் கலப்புச் சொல்லைக் கருதுக. அது பெண்ணைக் குறிக்கவில்லை. பெண் வேடத்தைக் குறித்தது. அவ்வேடத்தைப் பெரும்பாலும் ஆண்களே புனைந்தனர். திரையிலும் இதே நிலைதான். 1913-இல் தாதாசாகேப் பால்கே எடுத்த 'ராஜா ஹரிச்சந்திரா'வில் தாராமதியாக நடித்தவர் சாலுங்கே என்னும் ஆடவர். அதே ஆண்டில் அவருடைய அடுத்த படத்தில் துர்காபாய் காமத்தும் அவர் மகள் கமலாபாயும் நடித்தபோதுதான் இந்தியத் திரை பெண்ணைக் கண்டது. 'கூத்தாடி' என்னும் சொல் வசையாக வழங்கிய காலத்தில் ஒரு பெண்ணுக்கு அத்தொழில் தந்த இடம் எத்தகையது என்று விரித்துரைக்க வேண்டியதில்லை.

ஆனால் மேடை அவருக்கு விலைமதிப்பற்ற ஒன்றைத் தந்தது. ஒலிபெருக்கி இல்லாத காலத்தில் இரவு முழுதும் பாடிப் பேசி, கடைசி வரிசையில் தரையில் அமர்ந்திருப்பவரையும் எட்ட வேண்டும். சொல்லைச் சிதைக்காமல், மூச்சை அளந்து, உச்சரிப்பைத் தெளிவாக்கும் பயிற்சி அது.

3. குரலை விலக்கிய திரை

தென்னிந்தியாவில் படக்காட்சியை ஊர் ஊராகக் கொண்டு சென்றவர் சாமிக்கண்ணு வின்சென்ட். திருச்சியில் இரயில்வே ஊழியராக இருந்த அவர், 1905-இல் ஒரு பிரெஞ்சுக்காரரிடமிருந்து படக்கருவியை வாங்கிக் கூடாரம் அடித்துக் காட்சி நடத்தினார். 1914-இல் கோயம்புத்தூரில் வெரைட்டி ஹால் என்னும் நிலையான அரங்கைக் கட்டினார். சென்னையில் நடராஜ முதலியார் 'கீசக வதம்' எடுத்துத் தென்னிந்தியக் கதைப்படத்துக்கு அடிகோலினார்.

இத்துறைக்குள் 1929-இல் 'கோவலன்' என்னும் ஊமைப்படத்தின் வழியாக இராஜலட்சுமி நுழைந்தார். பின்னர் 'உஷா சுந்தரி', 'இராஜேஸ்வரி' ஆகிய படங்களிலும் நடித்தார். இங்கேதான் அவர் வாழ்வின் முதல் முரண் எழுகிறது. எதனால் அவர் மேடையில் மதிக்கப்பட்டாரோ, அந்தக் குரலைத் திரை வேண்டாம் என்றது. முகமும் கையும் விழியும் மட்டுமே பேச வேண்டும். சொல்லை எழுத்து அட்டை பேசும்.

இதன் மறுபக்கத்தையும் காண வேண்டும். குரல் தேவைப்படாததால் மொழியும் தேவைப்படவில்லை. அதனால் அக்கால இந்தியத் திரையில் ஆங்கிலோ இந்தியப் பெண்களும் யூதப் பெண்களும் பலர் நடித்தனர். பம்பாயில் 'சுலோசனா' என்று புகழ்பெற்ற ரூபி மையர்ஸ் ஒரு யூதப் பெண்; தொலைபேசி இணைப்பகத்தில் பணியாற்றியவர். பேசும்படம் வந்தபோது இந்துஸ்தானி மொழியைக் கற்ற பிறகே அவரால் திரைக்குத் திரும்ப முடிந்தது.

நடித்ததற்காகவே வாழ்விடத்தை இழந்த பெண்ணும் உண்டு. ஜே. சி. டேனியல் எடுத்த 'விகதகுமாரன்' என்னும் மலையாள ஊமைப்படத்தில் பி. கே. ரோசி நடித்தார். ஒடுக்கப்பட்ட வகுப்பில் பிறந்த அவர் நாயர் குலப் பெண்ணாகத் திரையில் தோன்றியதைப் பொறாத கூட்டம் திருவனந்தபுரத்தில் கல்லெறிந்தது. அவர் ஊரைவிட்டு ஓடித் தமிழ்நாட்டில் வேறு பெயரில் வாழ்ந்து மறைந்தார். இராஜலட்சுமிக்கு அத்தகைய கொடுமை நேரவில்லை. எனினும் இருவரும் ஒரே காலத்தில் ஒரே தொழிலில் இருந்தவர்கள். சாதி அவர்களுடைய பாதைகளை எப்படிப் பிரித்தது என்பதை நாம் மறைக்கலாகாது.

4. தமிழில் கேள்வி, தெலுங்கில் மறுமொழி

1931-ஆம் ஆண்டு மார்ச்சு 14-ஆம் நாள் பம்பாயில் 'ஆலம் ஆரா' வெளிவந்து இந்தியத் திரை பேசத் தொடங்கியது. அதே இம்பீரியல் நிறுவனத்தின் அர்தேசிர் இரானி தயாரிக்க, எச். எம். ரெட்டி இயக்கிய 'காளிதாஸ்' 1931-ஆம் ஆண்டு அக்டோபர் 31-ஆம் நாள் சென்னை கினிமா சென்ட்ரல் அரங்கில் வெளியாயிற்று. கதாநாயகி இராஜலட்சுமி.

மாணவர்கள் இங்கே கருத்தூன்றிக் கேட்க வேண்டும். அப்படத்தில் இளவரசியாக நடித்த இராஜலட்சுமி தமிழில் பேசினார். காளிதாசனாக நடித்த பி. ஜி. வெங்கடேசன் தெலுங்கில் பேசினார். காதலியின் சொல் ஒரு மொழி; காதலனின் மறுமொழி வேறொரு மொழி. பம்பாயில், தமிழ் அறியாத தொழிலாளர் சூழ, வேற்றுமொழியில் வரும் விடையைக் கேட்டுத் தம் அடுத்த சொல்லைத் தமிழில் பிழையறச் சொன்ன அப்பெண்ணின் திறத்தை எண்ணுக. கதையிலும் கற்றறிந்த இளவரசி, சூழ்ச்சியால் கல்லாதவனுக்கு மணமுடிக்கப்படுகிறாள். சிறுவயதிலேயே தம் விருப்பம் கேளாத மணத்தைக் கண்டவர் அவ்வேடத்தை ஏற்றார்.

கதையோடு தொடர்பில்லாத பாடல்களும் அப்படத்தில் இருந்தன. மதுரகவி பாஸ்கரதாஸ் இயற்றிய காந்தியின் இராட்டினப் பாட்டை இராஜலட்சுமி பாடினார்; குறத்தி நடனமும் ஆடினார். நாடக மேடையில் வளர்ந்த நாட்டுப்பற்றுப் பாடல் திரைக்கு இடம்பெயர்ந்த தருணம் அது. ஊமைப்படத்தில் பயனற்றிருந்த மேடைப் பயிற்சியே இப்போது முதல்தகுதி ஆயிற்று. தமிழ் தெரிந்திருத்தல், தெளிவாக உச்சரித்தல், பாடுதல் ஆகிய மூன்றும் கொண்டோருக்கே புதுத்திரையில் இடம். மொழியறிவு ஒருவரின் தொழில்வாழ்வை நிலைநாட்டியதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டுமோ?

1933-இல் வின்சென்ட் கல்கத்தாவின் பயனியர் நிறுவனத்தோடு சேர்ந்து எடுத்த 'வள்ளி திருமணம்' பெருவெற்றி பெற்றது. அதில் வள்ளியாக நடித்த இராஜலட்சுமி, நாரதராக நடித்த டி. வி. சுந்தரத்தை மணந்தார். இரசிகர்கள் அவரைச் 'சினிமா ராணி' என்றனர்.

5. தம் சொல்லுக்குத் தாமே உரியவர்

புகழ் வந்தபின் அவர் அங்கேயே நின்றிருக்கலாம். நிற்கவில்லை. 1936-இல் 'மிஸ் கமலா' என்னும் படத்தைத் தாமே எழுதி, தயாரித்து, இயக்கி, நடித்தார். தாம் முன்னர் எழுதிய 'கமலவல்லி' என்னும் புதினமே அதற்கு அடிப்படை. தென்னிந்தியாவில் படம் இயக்கிய முதல் பெண் அவரே. இந்திய அளவில் அவருக்கு முன்னோடி, ஊமைப்பட நடிகையாக இருந்து 1926-இல் தம் பெயரிலேயே நிறுவனம் தொடங்கிய ஃபாத்மா பேகம்.

'மிஸ்' என்னும் சொல்லைக் கவனியுங்கள். இன்று நாம் 'செல்வி' என்று எழுதும் இடத்தில் அன்று நாகரிகமும் கல்வியும் பெற்ற பெண்ணைச் சுட்ட அந்த ஆங்கிலச் சொல்லே உதவியது. புராணப் பெயர்களே தலைப்பாக இருந்த திரையில், கணவன் பெயரோ தெய்வத்தின் பெயரோ சாராமல் ஒரு பெண்ணின் பெயர் மட்டும் நின்றது.

அவருடைய கலைவாழ்வை ஒரே கோட்டில் நிறுத்திப் பார்த்தால் அதன் பொருள் விளங்கும். மேடையில் குரல் அவருடையது, சொல் பிறருடையது. ஊமைப்படத்தில் குரலும் அவருடையதன்று. 'காளிதா'ஸில் குரல் மீண்டது. ஆனால் எதிர்நின்றவன் வேறு மொழியில் பேசினான். 'மிஸ் கமலா'வில்தான் குரலும் சொல்லும் கதையும் ஒருங்கே அவருடையவை ஆயின. 'முதல் கதாநாயகி' என்னும் பட்டத்தோடு அவரை நிறுத்திவிடும் வரலாறு, அவர் எதற்காக உழைத்தாரோ அதனை விட்டுவிடுகிறது.

சொந்தத் தயாரிப்புகள் அவருக்குச் செல்வம் சேர்த்துத் தரவில்லை. பிற்காலத்தில் வாய்ப்புகள் குறைந்தன. 1961-இல் கலைமாமணி விருது பெற்றார். 1964-ஆம் ஆண்டு ஆகஸ்டு 20-ஆம் நாள் காலமானார்.

6. எஞ்சியவையும் நம் கடமையும்

அக்காலப் படச்சுருள் நைட்ரேட்டால் ஆனது. எளிதில் தீப்பற்றும், வெப்ப நாடுகளில் சுருங்கிப் பொடியாகும். ஓட்டம் முடிந்த சுருளை அதிலுள்ள வெள்ளிக்காக உருக்கியோரும் உண்டு. 'கோவலன்' இல்லை, 'காளிதாஸ்' இல்லை. தென்னிந்திய ஊமைப்படங்களில் புனே தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகத்தில் காணக் கிடைப்பது 1933-இன் 'மார்த்தாண்ட வர்மா'. பதிப்புரிமை வழக்கில் சிக்கி முடங்கிக் கிடந்ததால் அது பிழைத்தது. ஓடித் தேய்ந்த படங்கள் அழிந்தன. ஓடாத படம் நின்றது.

படம் போனபின் எஞ்சுவது அதைச் சுற்றியிருந்த சொல்தான்: துண்டு விளம்பரம், இசைத்தட்டின் உறை, அரங்க வாயிலில் விற்ற பாட்டுப் புத்தகம், பார்த்தவர் நினைவு. 'காளிதாஸ்' பற்றி இன்று நாம் அறிவதெல்லாம் இத்தகைய சான்றுகளால் அறிந்தவையே.

இது தமிழகத்துக்கு மட்டும் உரிய செய்தியன்று. பேராக் மாநிலத்தில் பழைய தோட்டங்கள் துண்டாடப்பட்டும் செம்பனைக்கு மாறியும் குடியிருப்புகளாகியும் மறைந்துவிட்டன. லயன் வீடுகளிலிருந்து வெளியேறிய குடும்பங்களின் தகரப் பெட்டிகளில் என்னென்ன இருந்தன என்று யாரும் பட்டியலிடவில்லை. மங்கிய பாட்டுப் புத்தகம் ஒன்றைக் குப்பை என்று எண்ணி எறிபவர், ஒரு கலைஞரின் கடைசிச் சான்றை எறிபவராக இருக்கக்கூடும்.

ஆகவே ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த பள்ளி விடுமுறையில் ஒவ்வொரு மாணவரும் தம் பாட்டி தாத்தாவிடம் மூன்று கேள்விகள் கேட்டு எழுதி வரட்டும்: முதன்முதலில் எங்கே படம் பார்த்தீர்கள்? அதனை எந்தச் சொல்லால் அழைத்தீர்கள்? அதில் யார் நடித்தார், எந்தப் பாட்டு நினைவில் இருக்கிறது? விடையை அவர்கள் சொன்ன சொல்லிலேயே எழுத வேண்டும், திருத்தலாகாது. சொன்னவர் பெயரையும் தோட்டத்தின் பெயரையும் ஆண்டையும் தாளின் மேல் குறித்துப் பள்ளி நூலகத்தில் சேர்த்து வைக்க வேண்டும். அந்தப் பெட்டிகளைத் திறந்து பார்க்கக்கூடிய தலைமுறை இன்னும் நம்மோடு இருக்கிறது.