ஷீப்பிஷ்லி: ஒரு சொல்லின் வரலாறும் என் பிழையும்



மாணவர் ஏட்டில் ஒரு சொல் பிழையாக இருந்தால் சிவப்பு மையால் வட்டமிடுகிறோம். அப்பிழை நமது கையெழுத்திலேயே இருந்தால் யார் வட்டமிடுவது? சில ஆண்டுகளுக்கு முன் எனக்கு நேர்ந்த ஒன்றைச் சொல்லி, அதன் காரணமாக நான் தேடிப் படித்த ஒரு சொல்லின் வரலாற்றையும் உங்களோடு பகிர்ந்துகொள்ள விழைகிறேன்.

அப்போது தமிழோடு ஐந்தாம் ஆண்டு மாணவர்களுக்கு ஆங்கிலமும் கற்பித்து வந்தேன். அவ்வகுப்பில் ஒரு மாணவி. எழுத்துத் தேர்வில் நல்ல புள்ளிகள் பெறுவாள். எழுந்து நின்று விடை சொல்லச் சொன்னால் தலை தாழ்ந்துவிடும், குரல் எழாது. ஒருநாள் அவளுடைய ஆங்கில ஏட்டில் பெற்றோர் பார்வைக்கென ஒரு குறிப்பு எழுதினேன். விடை தெரிந்திருந்தும் உங்கள் மகள் ‘ஷீப்பிஷ்லி’ பதில் சொல்கிறாள் என்பது அதன் கருத்து. கூச்சத்துடன் என்னும் பொருளில்தான் அந்த வினையடையை எழுதினேன். ‘ஷைலி’ என்று எழுதியிருக்கலாம். கொஞ்சம் உயர்ந்த சொல்லாக இருக்கட்டும் என்ற ஆசை எனக்கு.

மறுவாரம் அவள் தாயார் பள்ளிக்கு வந்தார். தொழிற்சாலையில் இரவு வேலை முடித்து, சீருடையைக்கூட மாற்றாமல் நேரே வந்திருந்தார்.

“டீச்சர், என் பொண்ணு என்ன தப்பு பண்ணுச்சு? சொல்லுங்க, நான் கண்டிக்கிறேன்” என்றார்.

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. பிறகு தெரிந்தது. இடைநிலைப்பள்ளியில் படிக்கும் மூத்த மகன் அச்சொல்லை அகராதியில் பார்த்திருக்கிறான். தவறோ அசட்டுத்தனமோ செய்துவிட்டு அதற்காக வெட்கப்படுகிறவரைக் குறிக்கும் சொல் என்று அதில் இருந்திருக்கிறது. அன்றிரவு வீட்டில் விசாரணை. சொல்வதற்கு எதுவும் இல்லாத பிள்ளை என்ன சொல்லும்? அவள் வாய் திறக்கவில்லை. அந்த மௌனமே குற்றத்திற்குச் சான்றாகிவிட்டது.

“அம்மா, அவள் ஒரு தவறும் செய்யவில்லை, தவறு என்னுடையது” என்று சொல்லி மன்னிப்புக் கேட்டேன். வீட்டிற்குச் சென்றதும் நான் வழக்கமாகப் பார்க்கும் பழைய அகராதியை எடுத்தேன். கூச்சமுள்ள, நாணமுள்ள என்றே அதில் இருந்தது. அந்தப் பையன் பார்த்த அகராதியும் பொய் சொல்லவில்லை. என் அகராதியும் பொய் சொல்லவில்லை. இரண்டுக்கும் இடையில் சொல் நடந்து போயிருக்கிறது.

ஆட்டிலிருந்து பிறந்த சொல்

‘ஷீப்’ என்றால் செம்மறியாடு என்பது நம் முதலாம் ஆண்டு மாணவருக்கும் தெரியும். அதிலிருந்து ‘ஷீப்பிஷ்’ என்னும் பெயரடை ஏறத்தாழ 1200ஆம் ஆண்டளவில் தோன்றியது. ஆட்டைப் போன்ற என்பதே அதன் முதற்பொருள். இங்கிலாந்தின் செல்வம் ஒரு காலத்தில் ஆட்டு உரோமத்தை நம்பியிருந்தது. பிரபுக்கள் சபையின் தலைவர் இன்றும் உரோமம் திணித்த இருக்கையில்தான் அமர்கிறார். அந்நாட்டு மக்கள் நாள்தோறும் கண்ட விலங்கு ஆடு. சாதுவான, கபடமற்ற, எதிர்த்துப் பேசாத மனிதரைக் குறிக்க அவர்கள் ஆட்டை உவமையாக்கியதில் வியப்பில்லை.

சொல்லின் ஈற்றிலுள்ள ‘லி’ என்பதற்கும் ஒரு கதை உண்டு. பழைய ஆங்கிலத்தில் ‘லிக்’ என்றால் உடல், உருவம். அதுவே தேய்ந்து வினையடை விகுதியாயிற்று. நம் மொழியில் ‘அழகாக’, ‘மெதுவாக’ என்பவற்றில் வரும் ‘ஆக’ என்பது ‘ஆகு’ என்னும் வினையிலிருந்து வந்ததை நினைத்துப் பாருங்கள். தனிச்சொல்லாக வாழ்ந்தது விகுதியாகச் சுருங்குவது எல்லா மொழிகளிலும் நிகழ்வதே.

17ஆம் நூற்றாண்டின் இறுதியில் இச்சொல் கூச்சத்தைக் குறிக்கத் தொடங்கிவிட்டது. அதற்கு நல்ல சான்று ஆங்கிலத் தத்துவ அறிஞர் ஜான் லாக் 1693ஆம் ஆண்டில் வெளியிட்ட ‘கல்வி குறித்த சில எண்ணங்கள்’ என்னும் நூல். நண்பர் எட்வர்டு கிளார்க்கின் மகனை வளர்ப்பது பற்றி எழுதிய கடிதங்களிலிருந்து உருவான நூல் அது. பிள்ளையை வீட்டிலேயே ஆசிரியர் வைத்துக் கற்பிப்பதா, பள்ளிக்கு அனுப்புவதா என்று அதில் ஆராய்கிறார். வீட்டில் வளரும் பிள்ளை ஆட்டைப்போல் கூசி நிற்கும். பள்ளியில் வளரும் பிள்ளைக்குத் துணிவு வரும், ஆனால் முரட்டுத்தனமும் சேர்ந்து வரும் என்கிறார். முடிவில் வீட்டுக் கல்வியையே விரும்புகிறார். கூச்சத்தை நீக்குவது எளிது, கெட்ட பழக்கத்தை நீக்குவது அரிது என்பது அவர் கருத்து.

அதே நூலில் வேறோர் இடத்தில் நன்னடத்தைக்கு மாறான குறைகள் இரண்டு என்கிறார். ஒன்று ஆட்டுக் கூச்சம். மற்றொன்று பிறரை மதியாமை. இரண்டிற்கும் அவர் சொல்லும் மருந்து ஒன்றுதான். தன்னைத் தாழ்வாக எண்ணாதே; பிறரையும் தாழ்வாக எண்ணாதே. செல்வர் வீட்டுப் பிள்ளைகளை மனத்தில் கொண்டு அவர் எழுதினார். எனினும் கூச்சத்தின் வேரில் தன்னைத் தாழ்வாக எண்ணுதல் இருக்கக்கூடும் என்று அவர் கண்டுகொண்டதை நம் வகுப்பறைகளிலும் காணலாம்.

லாக்கின் காலத்தில் நான் என் குறிப்பை எழுதியிருந்தால் பிழை இல்லை. அதன்பின் சொல் மேலும் நகர்ந்தது. இயல்பான கூச்சம் என்னும் பொருள் மங்கி, அசட்டுத்தனம் வெளிப்பட்டுவிட்டபோது தோன்றும் வெட்கம் என்னும் பொருள் நிலைத்தது. இன்று ஒருவர் ‘ஷீப்பிஷ்லி’ சிரிக்கிறார் என்றால், ஏதோ செய்து அகப்பட்டுக்கொண்டார் என்றே படிப்பவர் எண்ணுவர்.

தமிழில் என்ன சொல்வோம்?

இதற்கு நேரான தொடர் நம்மிடம் முன்பே இருக்கிறது. அசடு வழிய நின்றான் என்கிறோம். சற்றுக் கடுமையாகச் சொன்னால், ஆடு திருடிய கள்ளன்போல் விழிக்கிறான் என்கிறோம். ஆங்கிலேயர் அந்த முகத்தை ஆட்டோடு ஒப்பிட்டார்கள். நாம் ஆட்டைத் திருடியவனோடு ஒப்பிட்டோம். இரண்டு தொடர்களுக்கும் உறவு இல்லை, தற்செயலான ஒற்றுமையே.

கூச்சம் வேறு, செய்த செயலுக்காக வெட்கப்படுதல் வேறு என்பதை வள்ளுவர் தெளிவாகப் பிரித்திருக்கிறார். 102ஆம் அதிகாரமாகிய நாணுடைமையின் முதற்குறளே, தகாத செயலுக்கு நாணுவதே நாணம், மகளிரின் இயல்பான நாணம் வேறு வகை என்று வரையறுக்கிறது. கற்றவர் அவையில் பேச அஞ்சுவதை அவர் இதனோடு சேர்க்கவில்லை. அதற்கென 73ஆம் அதிகாரமாக அவையஞ்சாமையைத் தனியே வைத்தார். என் மாணவிக்கு இருந்தது 73ஆம் அதிகாரத்துச் சிக்கல். நான் எழுதியதோ 102ஆம் அதிகாரத்துக் குற்றச்சாட்டு!

நம் நாட்டுப் பிள்ளைகளுக்கு இங்கே கூடுதல் இடர் ஒன்று உண்டு. மலாய் மொழியில் ‘மாலு’ என்னும் ஒரே சொல் கூச்சத்தையும் குறிக்கும், அவமானத்தையும் குறிக்கும். நம் பேச்சுத் தமிழில் ‘வெட்கம்’ என்பதும் அவ்வாறே. ஆகவே இரண்டையும் ஒன்றாக எண்ணி ஆங்கிலத்திற்குப் பெயர்த்துவிடுகிறார்கள். பெயர்ப்பது பிள்ளைகள் மட்டுமன்று என்பதற்கு நானே சான்று.

மற்றச் சொற்கள்

இதன்பின் இக்குடும்பத்தைச் சேர்ந்த பிற வினையடைகளையும் தேடிப் படித்தேன். ஒவ்வொன்றும் தயக்கத்திற்கு ஒரு காரணத்தைத் தன் வரலாற்றில் சுமந்துகொண்டிருக்கிறது.

‘ஷைலி’ என்பதன் மூலச்சொல் பழைய ஆங்கிலத்தில் எளிதில் மிரளும் தன்மையைக் குறித்தது. குதிரை மிரண்டு விலகுவதை இன்றும் அதே சொல்லால் சொல்கிறார்கள். புதியவரைக் கண்டு ஒதுங்கும் பிள்ளைக்கு இது பொருந்தும்.

‘டிமிட்லி’ இலத்தீனில் அச்சத்தைக் குறிக்கும் சொல்லின் வழி வந்தது. அச்சம் இருந்தால்தான் இதை எழுத வேண்டும்.

‘பாஷ்ஃபுலி’ பழைய பிரெஞ்சில் திகைத்து வாயடைத்துப் போவதைக் குறித்த சொல்லோடு தொடர்புடையது. பலர் பார்வை தன்மேல் விழும்போது முகம் சிவப்பதற்கு உரியது.

‘டிஃபிடென்ட்லி’ என்பதில் நம்பிக்கை இன்மை இருக்கிறது. தன்னம்பிக்கையைக் குறிக்கும் ‘கான்ஃபிடென்ட்’ என்பதும் இதுவும் ஒரே இலத்தீன் வேரில் கிளைத்தவை. முதலில் பிறரை நம்பாமையைக் குறித்துப் பின்னர் தன்னையே நம்பாமையைக் குறித்தது.

‘ஹெசிட்டன்ட்லி’ இலத்தீனில் ஒட்டிக்கொள்ளுதல், சிக்கிக்கொள்ளுதல் என்னும் பொருளுடைய வேரிலிருந்து பிறந்தது. சொல் தொண்டையில் சிக்கி நிற்கும் நிலை.

‘கோய்லி’ அமைதி என்னும் பொருளுடைய இலத்தீன் சொல்லில் பிறந்து, இன்று கூச்சப்படுவதுபோல் பாவனை செய்வதைக் குறிக்கிறது. இதை எந்தப் பிள்ளையைப் பற்றியும் எழுதாதீர்கள்.

இறுதியாக ‘ஜிஞ்சர்லி’. உடைந்துவிடுமோ, வலிக்குமோ என்று மெல்லத் தொடுவதையும் அடியெடுத்து வைப்பதையும் குறிப்பது. பார்த்தவுடன் நமக்கு இஞ்சி நினைவுக்கு வரும். இஞ்சியின் ஆங்கிலப் பெயர் இலத்தீன், கிரேக்கம், பிராகிருதம் எனப் பின்னோக்கிச் சென்று திராவிடச் சொல்லாகிய இஞ்சியோடு தொடர்புறும் என்பது அறிஞர் பலர் ஏற்கும் கருத்து. ஆகவே ‘ஜிஞ்சர்லி’யும் தமிழே என்று மேடையில் முழங்கிவிடலாம், கைதட்டலும் கிடைக்கும். ஆனால் அது உண்மையன்று. 16ஆம் நூற்றாண்டில் நடனத்தின் நளினமான அடிகளைக் குறித்த அச்சொல், நயமான என்னும் பொருளுடைய பழைய பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்திருக்கலாம் என்பர். ஒலி ஒத்திருப்பதால் உறவு கொண்டாடுவதும், ‘ஷீப்பிஷ்லி’ கூச்சம்தானே என்று நான் எழுதியதும் ஒரே வகைப் பிழைகள்.

மீண்டும் அந்த ஏடு

மறுநாள் அம்மாணவியின் ஏட்டில் என் குறிப்பை நானே சிவப்பு மையால் அடித்தேன். விடை தெரிந்தும் கை உயர்த்தத் தயங்குகிறாள். அருகில் சென்று கேட்டால் தெளிவாகச் சொல்கிறாள் என்று இம்முறை தமிழில் எழுதினேன். தாயார் படித்துவிட்டு, “எதனால தயங்குது டீச்சர்?” என்று கேட்டனுப்பினார்.

அக்கேள்விக்கு என்னிடம் விடை இல்லை. ஓர் உயர்ந்த வினையடையைத் தேடிய நான், காரணத்தைத் தேடவில்லை. ஓய்வு நேரத்தில் அவளைத் தனியே அழைத்துக் கேட்டேன். நெடுநேரம் பேசவில்லை. பிறகு சொன்னாள். ஆண்டுத் தொடக்கத்தில் அவள் உரக்க வாசித்தபோது ஒரு சொல்லைத் தவறாக உச்சரித்தாளாம். வகுப்பு முழுவதும் சிரித்ததாம். “நீங்களும் சிரிச்சீங்க டீச்சர்” என்றாள்.

எனக்கு அது நினைவில்லை. ஆனால் அவள் பொய் சொல்பவள் அல்லள். அப்போது நான் எப்படி நின்றிருப்பேன் என்று எண்ணிப் பார்க்கிறேன். அந்தச் சொல் அவ்வகுப்பில் ஒருவருக்குப் பொருந்தியது என்றால், அது எனக்குத்தான்.

அதன்பின் அவள் மேடைப் பேச்சாளராகிவிட்டாள் என்று கதை முடிக்க நான் விரும்பவில்லை. ஆண்டிறுதிக்குள் அமர்ந்த இடத்திலிருந்தே உரக்க வாசிக்கத் தொடங்கினாள், அவ்வளவுதான். அதுவே எனக்குப் போதுமானதாக இருந்தது.

ஆசிரிய நண்பர்களே, தேர்ச்சி அறிக்கையில் பிள்ளைகளைப் பற்றி ஓரிரு வரிகள் எழுதும்போது, அவ்வரிகள் வீட்டில் சொல் சொல்லாகப் படிக்கப்படுகின்றன என்பதை மறவாதீர்கள். பிள்ளையின் இயல்புக்குப் பெயர் சூட்டுவதைவிட, அது என்ன செய்கிறது, எப்போது செய்கிறது என்று எழுதுவது நல்லது. பெற்றோர்களே, ஆசிரியர் எழுதியது விளங்கவில்லையெனில் பிள்ளையைக் கேட்பதற்கு முன் எங்களைக் கேளுங்கள். இரவு வேலை முடித்து உறங்காமல் வந்து கேட்ட அந்தத் தாயாருக்கு நான் இன்றும் கடன்பட்டிருக்கிறேன்.

மீண்டும் மற்றொரு சொல்லோடு சந்திப்போம்.